பன்றிக்கறி வதந்தியும் கஞ்சாப் புகையும்

கஞ்சாவில் தொடங்கிய தேடல் பன்றிக்கறியில் போய் நிற்கும் என்று நான் நினைக்கவில்லை.

சௌத்ரி, பேரா என்ற இரு இந்திய மருத்துவர்கள் 1994இல் வெளியிட்ட ஒரு கட்டுரையில்தான் அது தொடங்கியது. கஞ்சா புகைத்த இருவருக்குத் திடீரென்று ஒரு பீதி: ஆணுறுப்பு உள்ளே இழுத்துக்கொள்கிறது, முழுக்கப் போய்விட்டால் உயிரும் போய்விடும். இதற்கு மருத்துவத்தில் ‘கோரோ’ என்று பெயர். மலாய் உலகத்துச் சொல். ஆமை தலையை உள்ளிழுப்பதோடு சேர்த்துச் சொல்வார்கள்.

சிங்கப்பூரில் என் ஈசூன் வீட்டில் இதைப் படித்தபோதுதான் உறைத்தது, இது நம் ஊர்க் கதையும் அல்லவா என்று. மறுநாள் விக்டோரியா ஸ்திரீட் நூலகத்தில் போய் உட்கார்ந்தேன்.

1967இல் சிங்கப்பூரில் பன்றிக் காய்ச்சலுக்காகப் பன்றிகளுக்கு ஊசி போட்டார்கள். ஊசி போட்ட பன்றியின் கறியைத் தின்றால் உறுப்பு சுருங்கும் என்று அக்டோபர் கடைசியில் வதந்தி கிளம்பியது. கையால் இறுகப் பிடித்தபடி, நூலால் கட்டியபடி, துணிக் கிளிப்பை மாட்டியபடி ஆண்கள் மருத்துவமனைக்கு ஓடினார்கள். உணவுக்குச்சியால் இடுக்கிப் பிடித்துக்கொண்டு வந்தவர்களும் உண்டு. சிரிப்பு வரும்தான். சாகப்போகிறோம் என்று நம்பி வந்தவனுக்கு அது சிரிப்பில்லை. கறியில் குற்றமில்லை, உறுப்பு உள்ளே போகாது என்று அரசும் மருத்துவர்களும் தொலைக்காட்சியில் விளக்கிய பிறகு கூட்டம் குறைந்தது. நவம்பர் முடிவதற்குள் அலை ஓய்ந்துவிட்டது.

மருத்துவர் குவீ ஆ லெங் 1963லேயே இதைப் பண்பாட்டு நோய் என்று எழுதியிருந்தார். கொள்ளைநோய் போலப் பரவிய பிறகு ஒரு குழு ஆராய்ந்து, 1969இல் அறிக்கை வெளியிட்டது. நோயாளிகளில் மிகப் பெரும்பாலோர் சீனர்கள். ஆனால் அந்தக் கணக்கில் மலாய்க்காரர்களும் இந்தியர்களும் சிலர் இருந்ததுதான் என்னை நிறுத்தியது. பன்றிக்கறியைத் தொடாத மலாய்க்காரருக்கு இது எப்படி வந்தது? கறி காரணமில்லை. அக்கம்பக்கத்தில் காதில் விழுந்த பேச்சு போதுமானதாக இருந்திருக்கிறது.

கஞ்சாவுக்கும் இதே கணக்குதான் என்பேன். கஞ்சா நெஞ்சைப் படபடக்க வைக்கும், உடம்பு தன்னுடையதல்ல என்பதுபோல் உணர வைக்கும். அந்தப் பதற்றம் எந்த உருவம் எடுக்கும் என்பதைப் புகை தீர்மானிப்பதில்லை. அந்தக் கட்டுரைக்கு முன்பே, 1982இல் இந்தியாவின் வட வங்காளத்திலும் அஸ்ஸாமிலும் கோரோ பீதி ஊர் ஊராகப் பரவியிருக்கிறது. அந்த மண்ணில் அச்சம் ஏற்கெனவே வேரூன்றியிருந்தது. நோயாளி என்ன புகைத்தார் என்று மட்டும் கேட்கும் மருத்துவர் பாதியைத்தான் கேட்கிறார். ஊரில் என்ன கேள்விப்பட்டார் என்றும் கேட்க வேண்டும்.

1967 கணக்கில் வரும் அந்தச் சில இந்தியர்களில் தமிழர் உண்டா? அறிக்கை எண்ணிக்கையோடு நின்றுவிடுகிறது. அன்றைய தமிழ் முரசு இதழ்களை இப்போதுதான் புரட்டத் தொடங்கியிருக்கிறேன். 1967 நவம்பரில் தாதியாகவோ மருத்துவமனை ஊழியராகவோ இருந்த பெரியவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால், பேர் ஊர் வேண்டாம், கண்டதை மட்டும் கேட்டு எனக்கு எழுதுங்கள்.