தேங்காயும் மாசியும்: ஊவாத் தோட்ட மக்களின் உணவு வரலாறு

தேயிலைச் செடியின் தூரைக் கிளறினால் தேங்காயும் மாசியும் அகப்படும் என்று ஆசை காட்டியே கங்காணிமார் தமிழகத்துச் சிற்றூர் மக்களை இலங்கைக்கு அழைத்து வந்தனர் என்பது மலையகத்தில் வழிவழியாகச் சொல்லப்பட்டுவரும் செய்தி. இதனை வேடிக்கைப் பேச்சென ஒதுக்கிவிடுதல் எளிது. ஆயின், அவ்வாக்குறுதி பொன்னையோ மணியையோ சுட்டவில்லை. கறிச்சட்டிக்குரிய இரண்டு பொருள்களையே சுட்டிற்று. பசித்தவனுக்கு விளங்கும் மொழி எதுவென்பதை ஆள் திரட்டியோர் நன்கறிந்திருந்தனர். எனவே, பதுளையையும் அதனைச் சூழ்ந்த ஊவாத் தோட்டங்களையும் சார்ந்த மக்களின் வரலாற்றை உலைப்பானையிலிருந்து தொடங்குவதே பொருத்தமாகும். மக்களின் சுவையை மண்ணும் மரபும் மட்டுமே தீர்மானிப்பதில்லை, கூலிப்பதிவேடும் தீர்மானிக்கின்றது என்பதற்கு இதனிலும் தெளிவான சான்று கிடைத்தல் அரிது.

திருச்சிராப்பள்ளி, சேலம், மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டை முதலிய பகுதிகளிலிருந்தே தொழிலாளர் பெருந்தொகையாக வந்தனர். அவற்றின் வறண்ட நிலங்களில் உழைத்து வாழ்ந்த எளிய மக்களின் அன்றாட உணவு கேழ்வரகும் கம்பும் வரகுமே. நெற்சோறு நல்ல நாளுக்குரியது. 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை உலுக்கிய பெரும் பஞ்சத்திலோ கூழுக்கும் வழியில்லாது போயிற்று. அத்தகையோருக்கு நாள்தோறும் அரிசிச் சோறு என்பது பெருங்கனவு. தோட்டம் அந்தக் கனவை ஓரளவு நிறைவேற்றியது என்பதை மறுத்தலாகாது. அதற்குப் பெற்ற விலையையும் மறத்தலாகாது.

அந்த அரிசி எங்கிருந்து வந்தது என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. ஊவாவின் கீழ்ப்புறத்து நாட்டுக்கு வெல்லஸ்ஸ என்று பெயர். இலட்சம் வயல்கள் என்பது அதன் பொருள். 1817ஆம் ஆண்டில் தொடங்கி 1818இல் அடக்கப்பட்ட கிளர்ச்சியின்போது ஆங்கிலேயப் படைகள் அவ்வயல்களையும் நீர்நிலைகளையும் அழித்தன. அந்நாட்டு வேளாண்மை நெடுங்காலம் தலைநிமிரவில்லை. வயல்கள் பாழ்பட்டுக் கிடந்த மாகாணத்தின் மலைச்சாரல்களிலே பின்னர்க் கோப்பி பயிரிடப்பட்டது. அங்கு உழைத்தோருக்கு வேண்டிய அரிசியோ இந்தியாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் கப்பலேறி வந்தது. புகையிரதம் நானுஓயாவை 1885இலும் பண்டாரவளையை 1894இலும் அடைந்தது. பதுளையை அடைந்தது 1924இலேயே. அதுவரை பதுளைப் பகுதிக்குரிய ஒவ்வொரு மூட்டையும் கடைசிப் பாதையை மாட்டுவண்டியிலோ மனிதத் தலைமீதோதான் கடந்தது. இலட்சம் வயல்களின் நாட்டருகே கடல்கடந்த அரிசிக்காகக் காத்திருந்தமை ஊவா வரலாற்றின் முதல் முரண்.

கோப்பிக் காலத்து அடுப்பு நிலையற்றது. அறுவடைக்கு வந்து, முடிந்ததும் ஊர் திரும்பியோர் பலர். அவர்களுள் பெரும்பாலோர் ஆடவர். 1869ஆம் ஆண்டில் மடுல்சீமையில் முதலில் கண்டறியப்பட்ட இலைநோய் கோப்பிப் பயிரை அழித்தபின், அதன் இடத்தைத் தேயிலை பிடித்துக்கொண்டது. தேயிலைக்கு ஆண்டு முழுவதும் ஆள் வேண்டும். கொழுந்தெடுக்கப் பெண்கள் வேண்டும். இவ்வாறே குடும்பங்கள் லயன் அறைகளில் நிலைகொண்டன. பொழுது விடியுமுன் அடுப்பு மூட்டிப் பிரட்டுக்குச் சென்று, பகலெல்லாம் மலையில் நின்று, மாலையில் மீண்டும் அடுப்படிக்குத் திரும்பும் பெண்ணே தோட்டத்து உணவின் ஆசிரியை. அவள் எதைச் சமைத்தாள் என்பதை அவளுக்கு மிஞ்சிய நேரமே முடிவு செய்தது.

சோறு கூலியோடு பிணைக்கப்பட்டிருந்தது. தோட்டம் அரிசியை வழங்கி அதன் விலையைச் சம்பளத்தில் கழித்துக்கொண்டது. கங்காணியிடம் பட்ட கடனும் அதனோடு சேர, மாத முடிவில் கைக்கு வரும் காசு சொற்பமாயிற்று. கடனைத் தீர்த்தாலன்றி வேறு தோட்டத்துக்குச் செல்லவிடாத 'துண்டு' முறை 1921இல் ஒழிக்கப்பட்டது. ஆனால் அரிசியின் பிணைப்பு அறவில்லை. 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின் வழி வகுக்கப்பட்ட கூலி விகிதங்களும், அரிசியைத் தோட்டம் குறித்த விலைக்கு வழங்கும் என்ற அடிப்படையிலேயே கணிக்கப்பட்டன. 1930களின் பொருளாதார மந்தத்தின்போது அரிசி விலை இறங்கியது என்ற காரணத்தாலேயே கூலியும் இறக்கப்பட்டது. உண்பதும் உழைப்பதும் ஒரே ஏட்டின் இரு பக்கங்களாயின.

அந்த ஏட்டைப் புரட்டியது இரண்டாம் உலகப் போர். 1942இல் பர்மா யப்பானியர் வசமானதும் அரிசி வரத்து நின்றது. பங்கீட்டு முறை வந்தது. அரிசியின் குறையை நிரப்பக் கோதுமை மா வந்தது. கோதுமையையே அறியாத தென்னாட்டு உழவர் மரபினரின் வீடுகளில் ரொட்டி இவ்வாறே நிலைபெற்றது. போர் முடிந்து அரிசி மீண்டும் வந்தபின்னரும் ரொட்டி போகவில்லை. ஏன்?

தோட்டத்து மக்களுக்குச் சமைக்கத் தெரியாது, சோம்பலால் ரொட்டியைத் தின்கின்றனர் என்று பேசுவோர் நகரங்களில் உளர். இது அறியாமைப் பேச்சு. விடியற்காலையில் ஒரு கல்லும் சிறிது விறகும் இருந்தால் ரொட்டி ஆயிற்று. அதைத் துணியிற் சுற்றி மலைக்குக் கொண்டுபோகலாம். உண்பதற்குத் தட்டு வேண்டாம், இலை வேண்டாம். கனத்த ரொட்டி நெடுநேரம் பசி தாங்கும். குளிரும் மழையும் சரிவும் நிறைந்த வேலைத்தலத்துக்கு இதனிலும் ஏற்ற உணவைக் கண்டுபிடிப்பது கடினம். ஆகவே ரொட்டி சோம்பலின் விளைவன்று, ஓய்வில்லாமையின் விளைவு.

அதுமட்டுமன்று, அது சுவையான உணவுமாகும். தேங்காய்த்துருவலும் பச்சைமிளகாயும் வெங்காயமும் சேர்த்துப் பிசைந்து, ஓரம் கருகச் சுட்ட ரொட்டியை, அம்மியில் அரைத்த சம்பலோடு சூடாக உண்டவர் அதனைத் தாழ்வாகப் பேசார். சம்பலில் இடிபட்டுச் சேரும் மாசி மாலைதீவுக் கடலின் மீன். தேங்காய் தாழ்நிலத்துத் தோப்பின் காய். மா அயல்நாட்டு வயலின் தானியம். அரைத்த கை தமிழ்நாட்டுக் கை. நாலாதிசைப் பொருள்களையும் ஒரு கல்லின்மேல் இணைத்த இப்பண்டம் மலையக மக்களின் சொந்தப் படைப்பு என்றே கொள்ளல் வேண்டும். பிறர் அளந்து போட்டதைத் தமதாக்கிக்கொண்ட திறமை அதில் உண்டு.

ஆயினும் அத்திறமையைப் புகழ்ந்து அளந்தவரை மறந்துவிடலாகாது. 1973, 1974ஆம் ஆண்டுகளின் உணவு நெருக்கடியின்போது பங்கீடு சுருங்கி விலைகள் ஏறியபோது, நாட்டில் மிகக் கொடிய அடியைத் தாங்கியோர் தோட்ட மக்களே. கிராமத்தவனுக்கு ஒரு துண்டு வயலோ பலாமரமோ இருந்தது. தோட்டத்தவனுக்குத் தேயிலை மட்டுமே சூழ இருந்தது. அதனை உண்ண முடியாது. பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன. ஓர் உணவுப் பண்பாடு முழுவதும் கடையையும் கூலியையும் நம்பி நிற்கும்போது, அதன் அடியில் நிலமில்லை என்பதை அவ்வாண்டுகள் உணர்த்தின.

பானத்தின் வரலாறும் இதனையே கூறும். யூலை முதல் செப்டம்பர் வரை மத்திய மலைகளைத் தாண்டி வரும் வறண்ட காற்று ஊவாவின் சரிவுகளில் வீசுகின்றது. கொழுந்தின் வளர்ச்சி தளர்ந்து, அதனுள் நறுமணப் பொருள்கள் செறிகின்றன. உலகின் சிறந்த தேயிலைகளுள் ஒன்றாக ஊவாத் தேயிலை போற்றப்படுவது இப்பருவத்து மணத்தாலேயே. 1890இல் தோமஸ் லிப்டன் ஹப்புத்தளைப் பகுதியின் தம்பேதன்னைத் தோட்டத்தை வாங்கியபின் அதன் புகழ் மேலும் பரவியது. திராட்சை மதுவை நாவில் உருட்டிச் சுவைப்பதுபோல் தேயிலையை வாயில் உறிஞ்சி மதிப்பிடும் வல்லுநர் இப்பருவத்துக் கொழுந்துக்கு உயர்ந்த விலை சொல்வர். ஆனால் வறட்சியில் கொழுந்து குறைகின்றது. எடுப்பவளின் கூடை இலேசாகின்றது. தேயிலை மிகச் சிறக்கும் காலமே அவள் எடுக்கும் எடை மிகக் குறையும் காலம். அந்த மணமும் அவள் வீட்டை எட்டுவதில்லை. நல்ல தேயிலை ஏலத்துக்குப் போக, மலிவான தூளில் ஊற்றிய சாயத்தண்ணீரே லயத்துக்குரியது.

மதுபானத்திலும் இரு மேசைகள் இருந்தன. வெள்ளைத் துரைமார் தம் கழகங்களிலே கண்ணாடிக் கிண்ணங்களில் அருந்தியது நாகரிகம் எனப்பட்டது. தொழிலாளி சாராயத் தவறணையில் குடித்தது ஒழுக்கக்கேடு எனப்பட்டது. அதே சாராயத்தால் குடியேற்ற அரசு பெற்ற வருவாய் குறித்து எவரும் முகஞ்சுளிக்கவில்லை. குடி குடும்பங்களைச் சிதைத்தது உண்மை. அதனைத் தொழிலாளியின் குணக்கேடாக மட்டும் காண்பது பாதி உண்மை.

வெளியே உண்ணுதல் என்பதற்கும் தோட்டத்தில் தனிப்பொருள் உண்டு. சம்பளம் பெற்றபின் பதுளை, பசறை, ஹாலிஎல, பண்டாரவளை போன்ற கடைவீதிகளுக்கு வருபவர் தேநீர்க்கடையில் அமர்ந்து பால்தேநீரும் வடையும் கேட்பதில் பசிக்கு அப்பாற்பட்ட ஒன்று அடங்கியிருக்கின்றது. அங்கு அவர் பெயர்ப்பதிவில் ஓர் எண்ணல்லர். காசு கொடுத்து விரும்பியதைக் கேட்கும் மனிதர். தீபாவளிக்கு முற்பணம் பெற்று ஆட்டிறைச்சி வாங்கும் குடும்பமும் அதே உரிமையையே, கடன்பட்டேனும், ஒரு நாள் கொண்டாடுகின்றது. தேர்ந்துண்ணல் என்பதே விருந்தின் உயிர்.

அந்த உரிமை இன்னும் முழுமையாகக் கிட்டவில்லை. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி இலங்கையில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் வயதுக்கேற்ற உயரமற்றோர் நூற்றுக்கு 17.3, தோட்டத்துறையிலோ 31.7. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் கோதுமை மாவின் விலை பன்மடங்கு உயர்ந்தபோது, எண்பது ஆண்டுகளுக்கு முன் அரிசியின் இடத்தில் வந்த ரொட்டியும் எட்டாப் பொருளாயிற்று. கூலியுயர்வு வேண்டியதே. அதனினும் அடிப்படையாக, வீட்டோடு சேர்ந்த ஒரு துண்டு நிலம் வேண்டும். கீரையும் முருங்கையும் மரவள்ளியும் வைக்கத்தக்க, தமக்கே உரிமையான நிலம்.

தேங்காயும் மாசியும் தேயிலைத் தூரில் அகப்படவில்லை. கடையிலே விலைக்கு அகப்பட்டன. அவற்றைக் கொண்டு ஊவாத் தோட்டத்துப் பெண்கள் ஒரு சுவையை ஆக்கித் தந்தனர். அச்சுவையைப் போற்றுவோர், அதனை ஆக்கியவரின் தட்டு நிறைந்திருக்கின்றதா என்பதையும் ஒருமுறை நோக்குதல் வேண்டும்.