ஆப்பிரிக்கக் கெளுத்தி

ஆப்பிரிக்கக் கெளுத்தி (அறிவியல் பெயர்: கிளாரியசு காரிபைனசு) என்பது ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட ஒரு பெரிய நன்னீர்க் கொன்றுண்ணி மீன் ஆகும். ஆப்பிரிக்காவின் பெரும்பகுதியிலும் இசுரேல், லெபனான், தென் துருக்கி ஆகிய இடங்களிலும் இது இயற்கையாக வாழ்கிறது. 1822 ஆம் ஆண்டில் வில்லியம் பர்ச்செல் இதனை அறிவியல் முறையில் விவரித்தார். இந்தியாவில் இதனை வளர்ப்பது தடைசெய்யப்பட்டுள்ளது.

உடலமைப்பு

இதன் உடல் செதில்களற்றது. தலை தட்டையானது, வாயைச் சுற்றி நான்கு இணை மீசைகள் உள்ளன. 1.7 மீட்டர் நீளமும் 60 கிலோகிராம் எடையும் வரை வளரக்கூடியது. செவுள்களுக்கு மேலே மரக்கிளை போன்று கிளைத்த துணைச் சுவாச உறுப்பு அமைந்துள்ளதால் காற்றை நேரடியாகச் சுவாசிக்கிறது. இதனால் சேற்றுக் குட்டைகளிலும் பிழைத்திருக்கும். ஈரநிலத்தில் ஊர்ந்து வேறு நீர்நிலைகளுக்கும் செல்லும்.

உணவு

பூச்சிகள், நத்தைகள், தவளைகள், மீன்கள், நீர்ப்பறவைக் குஞ்சுகள், அழுகிய இறைச்சி என ஏறக்குறைய அனைத்தையும் உண்ணும். பெரும்பாலும் இரவில் இரை தேடும்.

இந்தியாவில் அறிமுகம்

1990களில் வங்காளதேசம் வழியாக, அரசின் இசைவின்றி இம்மீன் இந்தியாவிற்குள் கொண்டுவரப்பட்டது. வடமாநிலங்களில் இது 'தாய் மாங்கூர்' எனப்படுகிறது. விரைவாக வளர்வதாலும் இறைச்சிக் கழிவுகளையே தீனியாக இடமுடிவதாலும் பண்ணையாளர்கள் இதனை விரும்பினர். நாட்டு மீன்களுக்கு ஏற்படும் தீங்கைக் கருதி 1997 ஆம் ஆண்டில் நடுவண் அரசு தடை விதித்தது. எனினும் மறைமுக வளர்ப்பு தொடர்ந்தது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயமும் பின்னர் தடையை வலியுறுத்தியது. இராசத்தானின் பரத்பூரிலுள்ள கேவலாதேவ் தேசியப் பூங்காவில் புகுந்த இம்மீன்களைப் பிடித்து அகற்ற வேண்டியதாயிற்று.

இதன் நெருங்கிய உறவினமான நாட்டு மாங்கூர் (கிளாரியசு மாகூர்) பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் செம்பட்டியலில் அருகிய இனமாக உள்ளது.

தூத்துக்குடிக் கடற்கரையும் நன்னீர்நிலைகளும்

தூத்துக்குடி மீன் சந்தைகளில் கெளுத்தி எனப்படுபவற்றுள் கடல் கெளுத்திகளும் அடங்கும். அவை வேறு குடும்பத்தைச் சேர்ந்தவை. ஆப்பிரிக்கக் கெளுத்தி சற்றே உவர்ப்பான நீரைத் தாங்குமாயினும் கடல்நீரில் வாழாது. எனவே மன்னார் வளைகுடாவின் முத்துப்படுகைகளுக்கு இதனால் நேரடி அச்சுறுத்தல் இல்லை. கவலைக்குரியவை தாமிரபரணியும் அதன் பாசனக் குளங்களுமே. திருவைகுண்டம் அணைக்கட்டிலிருந்து பிரியும் கால்வாய்கள் பல குளங்களை ஒன்றோடொன்று இணைக்கின்றன. 2023 திசம்பர் 17, 18 நாட்களில் காயல்பட்டினத்தில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை பெய்தது, மாவட்டத்தில் பல குளங்கள் உடைந்தன. இத்தகைய வெள்ளத்தின்போது பண்ணைக் குட்டையிலுள்ள மீன்கள் எளிதில் ஆற்றைச் சென்றடையும். 2018 ஆம் ஆண்டுக் கேரள வெள்ளத்திற்குப் பின் அரபைமா போன்ற அயல்நாட்டு மீன்கள் அங்குள்ள ஆறுகளில் பிடிபட்டமை இதற்குச் சான்றாகும். ஆற்றில் பெருகிய பின் இம்மீனை முற்றிலும் ஒழிப்பது மிகக் கடினம். ஆதலால் பண்ணைகளிலேயே தடுப்பது முதன்மையானது.