போர்மார்லி வெள்ளம் (ஓவியம்)

போர்மார்லி வெள்ளம் என்பது ஆல்ஃபிரெட் சிஸ்லி 1876-இல் வரைந்த எண்ணெய் வண்ண ஓவியம். 60 செ.மீ. உயரமும் 81 செ.மீ. அகலமும் உடையது. பாரிசிலுள்ள ஓர்சே அருங்காட்சியகத்தில் உள்ளது.

பின்னணி

சிஸ்லி 1839-இல் பாரிசில் ஆங்கிலேயப் பெற்றோருக்குப் பிறந்தவர். 1870-71 போரில் தந்தையின் வணிகம் நொடித்ததால், ஓவியம் விற்றே குடும்பத்தைக் காக்க வேண்டியவரானார். 1876 மார்ச்சில் செய்ன் ஆறு கரைபுரண்டு போர்மார்லி ஊருக்குள் புகுந்தபோது, அவர் அருகிலிருந்த மார்லியில் வசித்தார். வெள்ளத்தைப் பல ஓவியங்களாக வரைந்தார். அவற்றுள் சில அதே ஆண்டு நடந்த உணர்வுப்பதிவுவாத ஓவியர்களின் இரண்டாவது கண்காட்சியில் இடம்பெற்றன.

ஓவியம்

இடப்பக்கம் ஒரு மதுக்கடை. படகோட்டிகளின் காவலராகக் கருதப்படும் புனித நிக்கோலாவின் பெயர் கொண்டது. தெரு இருந்த இடத்தில் படகுகள். நீரில் நிற்கும் மரங்கள். மேலே மேகம் திரண்ட அகன்ற வானம். அதன் ஒளி கீழே நீரிலும் தெரிகிறது. அலறி ஓடும் மனிதர்கள் இல்லை. வெள்ளத்தைத் தெய்வ தண்டனையாகக் காட்டிய பழைய ஐரோப்பிய ஓவியங்களிலிருந்து இது வேறுபடும் இடம் இதுவே. ஆனால் அழிவை மறைத்த ஓவியமும் அன்று. கதவு வரை வந்த நீரை அது அப்படியே காட்டுகிறது.

நம் வட்டாரத்தோடு ஓர் ஒப்பீடு

கண்மாய் நிறைந்தால்தான் விளைச்சல் என்றிருக்கும் அருப்புக்கோட்டை, திருச்சுழி வானம் பார்த்த பூமி. ஆயினும் குண்டாற்றங்கரையிலுள்ள திருச்சுழியின் பெயரே ஒரு வெள்ளத்தை நினைவூட்டுகிறது. பிரளய நீரைச் சிவபெருமான் சூலத்தால் நிலத்தில் துளையிட்டு உள்ளே செலுத்தினார் என்றும், நீர் சுழித்து இறங்கியதால் இப்பெயர் வந்தது என்றும் திருமேனிநாதர் கோயில் தலபுராணம் கூறும். புராணம் வெள்ளத்துக்குக் காரணமும் முடிவும் சொல்கிறது. சிஸ்லி இரண்டையும் சொல்லவில்லை; அந்த நாளின் நீரையும் ஒளியையும் மட்டும் பதிவு செய்தார். இரண்டும் ஓர் ஊர் தன் வெள்ளத்தை மறவாமல் வைத்துக்கொள்ளும் வழிகளே.

பிற்கால வரலாறு

சிஸ்லி 1899 சனவரியில் வறுமையில் இறந்தார். மறு ஆண்டு நடந்த ஏலத்தில் இவ்வோவியம் 43,000 பிராங்குக்கு விலைபோனது. வாங்கிய இசாக் தெ கமோந்தோவின் கொடையாகப் பின்னர் பிரெஞ்சு அரசுக்குச் சேர்ந்தது. அந்தப் பணத்தில் ஒரு காசும் வரைந்தவர் கையைச் சேரவில்லை.