குரலுக்குக் கிடைத்த மகுடம்

வெளிநாட்டு சூப்பர் ஹீரோவின் உடைக்குள் தமக்குப் பிடித்த மூத்த நடிகரின் தலையைப் பொருத்தி, இவர் நடித்தால் எப்படியிருக்கும் என்று ரசிகர்கள் படம் வரைந்து மகிழ்கிறார்கள்.   இதை இணையத் தலைமுறையின் விளையாட்டு என்று ஒதுக்கிவிட வேண்டாம். தூத்துக்குடிச் சீமை தன் வரலாற்று நாயகர்களுக்கு நடிகரைத் தேடிக்கொண்ட கதையைப் பார்த்தால், இதற்கு இங்கே ஆழமான வேர் இருப்பது தெரியும். அந்தத் தேர்வில் மக்கள் முகப்பொருத்தம் பார்க்கவில்லை, குரலைப் பார்த்தார்கள். அந்தக் குரலுக்கு அடங்கிய வாழ்க்கை வரலாற்றில் உயர்ந்து நின்றது; அடங்காதது பின்னுக்குப் போயிற்று.

பாஞ்சாலங்குறிச்சிக் கட்டபொம்மன் 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். அவரை நேரில் பார்த்து வரைந்த, நம்பத்தக்க படம் எதுவும் நம் கைக்கு வரவில்லை. வந்து சேர்ந்ததெல்லாம் கதைப்பாடலும் கூத்தும்தான். நாயகன் கூத்தில் பேச்சாலேயே வளர்பவன். கணேசன் என்ற சிறுவனுக்கு நடிப்பாசையை ஊட்டியதும் ஒரு கட்டபொம்மன் கூத்துதான். பின்னர் அண்ணாவின் நாடகத்தில் மராட்டிய மன்னராக நடித்து, பெரியாரிடம் ‘சிவாஜி’ என்ற பெயரையும் பெற்ற அவர், 1957-இல் சக்தி கிருஷ்ணசாமியின் எழுத்தில் கட்டபொம்மனை மேடையேற்றினார். பி.ஆர். பந்துலு அதை 1959-இல் வண்ணப் படமாக்கினார். மறு ஆண்டு கெய்ரோவில் நடந்த ஆப்பிரிக்க-ஆசியத் திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் விருது சிவாஜிக்குக் கிடைத்தது. அன்றிலிருந்து பள்ளி மாறுவேடப் போட்டியில் மீசை முறுக்கி நிற்கும் பிள்ளைவரை, கட்டபொம்மன் என்றால் சிவாஜிதான். கயத்தாற்றில் நிலம் வாங்கிச் சிலை வைத்தவரும் அவரே.

இரண்டே ஆண்டுகள் கழித்து அதே நடிகரும் அதே இயக்குநரும் அதே மண்ணின் இன்னொரு நாயகரை எடுத்துக்கொண்டார்கள். ஒட்டப்பிடாரத்தில் பிறந்து, தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே சுதேசிக் கப்பல் விட்ட வ.உ.சிதம்பரம் பிள்ளையின் கதை அது. ம.பொ.சி.யின் நூலைத் தழுவி எடுத்த ‘கப்பலோட்டிய தமிழன்’ 1961-இல் வெளியானது. சிவாஜியின் ஆகச் சிறந்த நடிப்புகளில் ஒன்று என்று இன்று அதைக் கொண்டாடுகிறோம். அன்று வசூலில் அது தோற்றது. கதை சோகமாக முடிந்ததால்தான் தோற்றது என்பார்கள். கட்டபொம்மன் கதையும் தூக்குக் கயிற்றில்தானே முடிகிறது? வித்தியாசம் முடிவின் தன்மையில் இருக்கிறது. கட்டபொம்மன் பேசிக்கொண்டே சாகிறார். வ.உ.சி.யோ 1908-இல் சிறை புகுந்து, கோவைச் சிறையில் செக்கிழுத்து, 1912-இல் வெளியே வந்தபின் இருபத்து நான்கு ஆண்டுகள் வறுமையில் ஆரவாரமின்றி வாழ்ந்து 1936-இல் மறைந்தார். அவர் புகைப்படம் வீடுகளில் இருந்தது; அவரைப் பார்த்துப் பழகியவர்களும் உயிரோடிருந்தார்கள். அந்த நீண்ட மௌனத்தை நடிகர் உண்மையாகவே நடித்தார். முழக்கம் கேட்க வந்த ரசிகருக்கு அது பிடிபடவில்லை.

வண்ணமும் குதிரைப்படையும் போர்க்களமும்தான் முதல் படத்தை ஓட வைத்தன, இரண்டாவது கறுப்பு வெள்ளை என்று யாரும் மறுக்கலாம். வசூலைப் பொறுத்தவரை அதில் நியாயம் உண்டு. ஆனால் கட்டபொம்மன் வசனம் இசைத்தட்டாகி, கல்யாண வீட்டிலும் கோயில் கொடையிலும் ஒலிபெருக்கி வழியே ஊரெங்கும் கேட்டது. இசைத்தட்டில் வண்ணமும் இல்லை, குதிரையும் இல்லை. படமே பார்க்காதவர்களும், வரி கேட்ட வெள்ளையரிடம் கட்டபொம்மன் சீறும் பேச்சை மனப்பாடமாக ஒப்பித்தார்கள் என்றால், நிலைத்தது எது என்பதில் சந்தேகம் வேண்டியதில்லை.

சினிமாவைச் சினிமாவாகப் பார்க்க வேண்டும், வரலாற்றோடு முடிச்சுப் போடக் கூடாது என்பது இரண்டாவது மறுப்பு. பார்ப்பவர்கள் அப்படிப் பிரித்து வைத்துக்கொள்வதில்லை; வசனமே அவர்களுக்கு வரலாறாகிவிடுகிறது. 1798 செப்டம்பரில் இராமநாதபுரத்தில் கலெக்டர் ஜாக்சனைக் கட்டபொம்மன் சந்தித்தது கைகலப்பில் முடிந்து, லெப்டினன்ட் கிளார்க் உயிரிழந்தார். பிறகு கிழக்கிந்தியக் கம்பெனியே நடத்திய விசாரணையில் கட்டபொம்மன் பக்கம் தீர்ப்பாகி, ஜாக்சன் பதவியிழந்தார். ஒரு பாளையக்காரர் கம்பெனியின் விதிகளுக்குள்ளேயே நின்று அதன் அதிகாரியை வென்றது வசனத்துக்குச் சற்றும் குறையாத செய்தி. அதை நினைவில் வைத்திருப்பவர் சிலரே. வசனமோ எல்லோருக்கும் தெரியும்.

குரல் வரலாற்றில் யாரை மேலே வைக்கிறது என்பதற்கு ஆகப் பெரிய சான்று கட்டபொம்மனின் குடும்பத்துக்குள்ளேயே இருக்கிறது. 1799-இல் கம்பெனித் தளபதி பானர்மேனின் முதல் தாக்குதலை முறியடித்தும், சில நாள்களிலேயே கட்டபொம்மன் கோட்டையை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. அவர் தம்பி ஊமைத்துரை 1801 பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி, இடித்த கோட்டையை மீண்டும் எழுப்பி, மார்ச் மாதத் தாக்குதலைத் தடுத்து, மே இறுதிவரை தாக்குப்பிடித்தார். வாய் பேச இயலாத அவர் சைகையாலேயே படை நடத்தியதையும், மக்கள் அவரைத் தெய்வமாகப் போற்றியதையும் எதிரணியில் போரிட்ட ஜேம்ஸ் வெல்ஷ் வியந்து எழுதியிருக்கிறார். வீரத்தை அளவாகக் கொண்டால் தம்பியே முதலில் நிற்க வேண்டும். அண்ணனின் படத்தில் அவர் துணைப் பாத்திரம். பேசாத நாயகனுக்கு வசன யுகத்தில் பெரிய நடிகர் யாரையும் ரசிகர் மனம் தேடவில்லை. ஆகவே, யார் எந்த வேடத்துக்குப் பொருந்துவார் என்ற விளையாட்டில் நாம் நடிகரை மட்டும் தேர்ந்தெடுப்பதில்லை. நம் காதுக்கு ஏற்ற நாயகனையும் சேர்த்தே தேர்ந்தெடுக்கிறோம். மௌனத்தை நடிக்கத் தெரிந்த நடிகர்கள் தமிழில் இன்று இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரை ஊமைத்துரையாக நினைத்துப் பார்க்கும் ரசிகர், அறிந்தோ அறியாமலோ வரலாற்றுக்கே ஒரு திருத்தம் எழுதுகிறார்.