சிறை தேடியவர்களும் சிறை உடைத்தவர்களும்

பாக் நீரிணைக் கரையில் வடக்கே வேதாரண்யம். தெற்கே, தொண்டியிலிருந்து சற்று உள்ளே தள்ளித் திருவாடானை. 1930 ஏப்ரலில் வேதாரண்யத்துக்குக் கைதாகவென்றே ஆட்கள் நடந்து போனார்கள். 1942 ஆகஸ்டில் திருவாடானையில், கைதானவரை வெளியே கொண்டுவரச் சிறையையே உடைத்தார்கள். இரண்டும் வெள்ளையர் சட்டத்தை மீறியவைதான். சிறை பற்றிய நினைப்பு மட்டும் நேரெதிர்.

உப்புச் சட்டத்தை மீற ராஜாஜி 1930 ஏப்ரல் 13 அன்று திருச்சியில் டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜன் வீட்டிலிருந்து கிளம்பினார். உடன் சென்ற சுமார் நூறு பேரும் பொறுக்கி எடுத்த தொண்டர்கள். அவர்களுக்குச் சோறோ தங்க இடமோ கொடுத்தால் தண்டனை என்று தஞ்சைக் கலெக்டர் தார்ன் உத்தரவு போட்டார். ஊர்க்காரர்கள் சோற்றுப் பொட்டலங்களைச் சாலையோர மரக்கிளைகளில் கட்டிவிட்டு நகர்ந்துவிட்டார்கள். கட்டியது யார் என்று போலீஸ் எந்த மரத்தை விசாரிக்கும்? வேதாரண்யத்தில் சவரத்தொழிலாளி வைரப்பன், எதிரில் உட்கார்ந்திருப்பவர் போலீஸ்காரர் என்று தெரிந்ததும் பாதிச் சவரத்தில் கத்தியை வைத்துவிட்டதாகச் சொல்வார்கள். ஏப்ரல் 30 அன்று அகஸ்தியம்பள்ளியில் உப்பு அள்ளிய ராஜாஜி, எதிர்பார்த்தபடியே கைதானார். ஆறு மாதச் சிறை.

திருவாடானைக்கு அப்படி ஆயத்தம் எதுவும் இல்லை. ஆகஸ்ட் 8 அன்று 'வெள்ளையனே வெளியேறு' தீர்மானம். மறுநாள் விடியற்காலையிலேயே காந்தி முதலிய தலைவர்கள் உள்ளே. தேவகோட்டை வட்டாரத்தில் மேடைப்பேச்சால் பெயர் வாங்கியிருந்த இளைஞர் சின்ன அண்ணாமலையைப் பிடித்துத் திருவாடானை சப்-ஜெயிலில் அடைத்தார்கள். ஆயிரக்கணக்கானோர் திரண்டு வந்து பட்டப்பகலில் அவரை மீட்டுப் போனார்கள். அதே மாதம் தேவகோட்டை நீதிமன்றமும் எரிந்தது. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின.

காந்தியின் கணக்கில் சத்தியாக்கிரகி சிறையிலிருந்து தப்பக் கூடாது. அதை ஏற்பதுதான் அவனுடைய ஆயுதம். அந்த வகையில் திருவாடானை தேறாது. அதற்காக ராமநாதபுரத்துக்காரர்கள் முரடர்கள், தஞ்சைக்காரர்கள் சாதுக்கள் என்று எழுதுவதை என்னால் ஒப்ப முடியவில்லை. மரத்தில் பொட்டலம் கட்டியதிலும் பிடிவாதத்துக்குக் குறைவில்லை. ராஜாஜியை அரசு பதினைந்து நாள் நடக்கவிட்டது. அவர் வகுத்த கட்டுப்பாடு ஊர் ஊராகப் பரவ அவகாசம் இருந்தது. 1942இல் அந்த அவகாசத்தை அரசே பறித்துக்கொண்டது.

ஆனாலும் முழுப் பழியையும் அரசின் தலையில் கட்டிவிட முடியாது. அன்று கட்டுப்பாடு கற்றுக்கொடுத்த ராஜாஜி, இந்த முறை சிறைக்கு வெளியேதான் இருந்தார். போராட்டமே கூடாது என்று வாதாடி, காங்கிரஸிலிருந்தும் விலகியிருந்தார்.