வேட்டை முகாமும் விருந்தினர் விடுதியும்

பிரயாணம் செய்கிறவனுக்கு இரண்டு கவலைகள் உண்டு. ஒன்று, போகும் வழி. மற்றொன்று, இரவில் தலைசாய்க்க ஓர் இடம். வழியைப் பற்றிய வரலாறுகள் பல எழுதப்பட்டிருக்கின்றன. தங்கும் இடத்தின் வரலாற்றை அவ்வளவு சிரத்தையுடன் யாரும் எழுதவில்லை. இன்று அதில் ஒரு சிறு பகுதியை, காட்டு விலங்குகளைக் காணச் செல்வோர் தங்கும் விடுதிகளின் கதையை, உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

நான் வசிப்பது வல்லம் வடகால். இராமானுசர் 1017-ஆம் ஆண்டில் அவதரித்த ஸ்ரீபெரும்புதூர் எங்களுக்கு அருகில் இருக்கிறது. காஞ்சிக்கும் பெரும்புதூருக்கும் கால்நடையாக வந்த யாத்திரிகர்களுக்கு அந்நாளில் சத்திரத்துத் திண்ணையே மாளிகை. இன்றோ எங்கள் ஊரைச் சுற்றிச் சிப்காட் தொழிற்பூங்காவும், மோட்டார் சைக்கிள் தொழிற்சாலையும், வெளிநாட்டு நிபுணர்கள் தங்கும் அடுக்குமாடி ஓட்டல்களும் எழுந்துள்ளன. அத்தொழிற்சாலைகளில் நல்ல ஊதியம் பெறும் இளைஞர்கள் சிலர், "ஐயா, விடுமுறைக்கு ஆப்பிரிக்கா சென்று சிங்கத்தையும் யானையையும் பார்க்க எண்ணியிருக்கிறோம். எப்படிப்பட்ட விடுதியில் தங்கலாம்?" என்று என்னைக் கேட்பதுண்டு. விலையையும் வசதியையும் எடுத்துச் சொல்ல விளம்பரங்கள் இருக்கின்றன. அந்த விடுதி எப்படிப் பிறந்தது, யாருடைய நிலத்தில் நிற்கிறது என்று சொல்வது சரித்திர ஆசிரியனின் வேலை அன்றோ?

'சபாரி' என்னும் சொல்லை முதலில் பார்ப்போம். அது கிழக்கு ஆப்பிரிக்காவின் சுவாகிலி மொழிச் சொல். அரபு மொழியிலிருந்து அங்கே சென்றது. பொருள், பிரயாணம் என்பதே. சுமை தூக்குவோர் வரிசையாக நடக்க, வணிகர் கூட்டம் உள்நாட்டுக்குச் சென்ற பயணத்தை அச்சொல் குறித்தது. வேட்டை என்னும் பொருள் பின்னர் ஐரோப்பியர் வந்தபின் ஒட்டிக்கொண்டது.

அவர்களை உள்நாட்டுக்குக் கொண்டு சென்றது இருப்புப்பாதை. மொம்பாசாத் துறைமுகத்திலிருந்து விக்டோரியா ஏரி வரை 1896-ஆம் ஆண்டு முதல் 1901-ஆம் ஆண்டு வரை அப்பாதை போடப்பட்டது. அதற்காக இந்தியாவிலிருந்து ஏறத்தாழ 32,000 தொழிலாளர் கப்பலேறினர். அவர்களுள் ஏறத்தாழ 2,500 பேர் நோயாலும் விபத்தாலும் மாண்டனர். 1898-ஆம் ஆண்டில் சாவோ ஆற்றங்கரையில் பாலம் கட்டியபோது, இரண்டு சிங்கங்கள் இரவுதோறும் கூடாரங்களுக்குள் புகுந்து தொழிலாளரை இழுத்துச் சென்றன. ஆப்பிரிக்கக் காட்டில் கூடாரத்தில் உறங்கிய முதல் இந்தியத் தலைமுறை இன்பச் சுற்றுலாவுக்குச் சென்றதன்று என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பாதை வந்ததும் சீமான்கள் வந்தனர். நைரோபி நகரில் 1904-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் நார்போக் ஓட்டல் திறக்கப்பட்டது. அங்கிருந்தே வேட்டைக் கூட்டங்கள் புறப்பட்டன. அமெரிக்க நாட்டின் தலைவர் பதவியிலிருந்து விலகிய தியோடர் ரூசவெல்ட் 1909-ஆம் ஆண்டில் தம் மகனுடன் வந்தார். அருங்காட்சியகத்துக்கு மாதிரிகள் சேகரிப்பதே நோக்கம் என்றனர். தந்தையும் மகனுமாகச் சுட்டு வீழ்த்திய விலங்குகளும் பறவைகளும் மட்டும் 512. கூடாரம், குளியல் தொட்டி, மேசை விரிப்பு, சமையற்காரர், சுமை தூக்குவோர் என்று அக்காலத்து வேட்டை முகாமில் இருந்த ஏற்பாடுகளே இன்றைய ஆடம்பரச் சபாரி விடுதிக்கு முன்மாதிரி. இன்றும் பெருவிலை கொடுத்துத் துணிக்கூடாரத்தில் தங்குகிறார்களே, அந்த ஆசை அங்கிருந்து வந்தது.

துப்பாக்கிக்குப் பதிலாகக் கண்ணை மட்டும் கொண்டு காட்டுக்குச் செல்லும் வழக்கம் மெல்லத்தான் பரவியது. 1932-ஆம் ஆண்டில் கென்யாவில் நியேரி என்னும் ஊருக்கு அருகே, எரிக் ஷெர்புரூக் வாக்கர் என்பவர் ஒரு பெரிய அத்தி மரத்தின்மேல் சிறு குடில் கட்டினார். 'டிரீடாப்ஸ்', அதாவது மரத்தின் உச்சி, என்பது அதன் பெயர். கீழே ஒரு நீர்நிலை. அங்கே இரவில் நீர் குடிக்க வரும் யானையையும் காண்டாமிருகத்தையும் விருந்தினர் மேலிருந்து ஓசையின்றிக் காண்பர். 1952-ஆம் ஆண்டு பிப்ரவரி 5-ஆம் நாள் இரவு இளவரசி எலிசபெத் அங்கே தங்கியிருந்தார். அவ்விரவில் இலண்டனுக்கு அப்பால் அவர் தந்தையார் உறக்கத்திலேயே காலமானார். இளவரசியாக ஏணி ஏறியவர் அரசியாக இறங்கினார் என்று உலகம் பேசியது. உடன் சென்றவர் நம் நாட்டு நைனிதாலில் பிறந்து, ஆட்கொல்லிப் புலிகளை வேட்டையாடிப் புகழ்பெற்ற ஜிம் கார்பெட். முதுமையில் நியேரியிலேயே வாழ்ந்த அவர் 1955-ஆம் ஆண்டில் அங்கேயே மறைந்தார்.

இக்கதையின் மறுபாதியையும் சொல்லவேண்டும். இரண்டே ஆண்டுகளில், 1954-ஆம் ஆண்டில், அந்த மரவிடுதி கொளுத்தப்பட்டது. கொளுத்தியவர்கள், வெள்ளையர் பறித்த நிலத்தை மீட்கப் போராடிய மௌ மௌ வீரர்கள். அவர்களைப் பொறுத்தவரை அந்த விடுதி விருந்தினர் கண்ட இன்பக் குடில் அன்று. அந்நியர் ஆட்சியின் அடையாளம். 1957-ஆம் ஆண்டில் விடுதி மீண்டும் எழுந்தது. ஆயினும் நிலம் யாருடையது என்ற கேள்வி அத்துடன் தீர்ந்துவிடவில்லை. அண்டை நாடான இன்றைய தான்சானியாவில், சிங்கங்களுக்குப் பெயர்போன செரெங்கெட்டியிலிருந்து மாசாய் இடையர்கள் 1959-ஆம் ஆண்டில் வெளியேற்றப்பட்டனர். அவர்கள் தலைமுறை தலைமுறையாக மாடு மேய்த்த புல்வெளியே இப்போது தேசியப் பூங்கா.

எல்லாம் இருள் என்று கூறிவிடலாகாது. கென்யா 1977-ஆம் ஆண்டில் வேட்டையைத் தடை செய்தது. நமீபியா நாடு 1996-ஆம் ஆண்டில் ஒரு சட்டம் செய்து, வனவிலங்குகளால் வரும் வருவாயில் கிராம மக்களுக்கே உரிமை வழங்கியது. மாசாய் மாரா பகுதியில் மாசாய் மக்கள் தங்கள் நிலத்தை விடுதிகளுக்கு வாடகைக்கு விட்டு, இத்தனை நிலத்துக்கு இத்தனை கூடாரம் என்று வரம்பும் வைத்திருக்கிறார்கள். அங்கே சிங்கம் உயிரோடிருந்தால் இடையனுக்கும் வருமானம் உண்டு. ஆகவே சிங்கத்துக்கு இடையனே காவல்.

இனி நம் தமிழகத்துக்குத் திரும்புவோம். நீலகிரியிலும் கதை வேட்டையிலேதான் தொடங்குகிறது. ஆங்கில அதிகாரிகளும் தோட்ட முதலாளிகளும் கட்டுப்பாடின்றிச் சுட்டதனால் விலங்குகள் குறைந்தன. சுடுவதற்கே விலங்கு கிடைக்காமற் போகும் என்ற அச்சம் பிறந்தது. அதன் விளைவாக 1879-ஆம் ஆண்டில் நீலகிரி வேட்டை விலங்குகள், மீன்கள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. காட்டுக்குள் இருந்த பயணியர் மாளிகைகளும் அதிகாரிகளுக்காகவும் வேட்டைக்காரர்களுக்காகவும் எழுந்தவையே. 1940-ஆம் ஆண்டில் முதுமலை சரணாலயமாயிற்று. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் துப்பாக்கி ஓய்ந்தது.

துப்பாக்கி ஓய்ந்தபின் ஆபத்து வேறு வடிவில் வந்தது. முதுமலைக்குக் கிழக்கே சீகூர் என்றொரு சமவெளி இருக்கிறது. மசினகுடி அதைச் சேர்ந்தது. அதன் தெற்கே நீலகிரி மலை சுவர்போல் செங்குத்தாக நிற்கிறது. வடக்கே மோயாறு ஆழ்ந்த பள்ளத்தில் ஓடுகிறது. வளர்ந்த யானை ஒன்றுக்கு நாள்தோறும் ஏறத்தாழ 150 கிலோ தழையும் புல்லும் வேண்டும்; ஆதலால் ஒரே இடத்தில் அது நிலைத்திருக்க இயலாது. மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் கிழக்குத் தொடர்ச்சி மலைக்கும் இடையே யானைக் கூட்டங்கள் பருவந்தோறும் போய்வருகின்றன. மலைச்சுவரில் ஏறவும் முடியாது, பள்ளத்தில் இறங்கவும் முடியாது. நடுவே உள்ள குறுகிய நிலமே வழி. அந்த வழியிலேதான், யானையைக் காண வருவோருக்கென்று, விடுதிகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. கட்டடத்தைச் சுற்றி மின்வேலி, முள்வேலி. யானையைக் காட்டுவதாகச் சொல்லி அழைத்த விடுதி யானையின் வழியை மறித்தது.

2010-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு அரசு அந்நிலத்தை யானை வழித்தடம் என்று அறிவித்தது. 2011-ஆம் ஆண்டில் சென்னை உயர் நீதிமன்றம் அவ்வறிவிப்பு செல்லும் என்று தீர்ப்பளித்தது. விடுதிக்காரர் உச்ச நீதிமன்றம் சென்றனர். 2018-ஆம் ஆண்டு ஆகஸ்டில் விடுதிகள் பல பூட்டி முத்திரையிடப்பட்டன. 2020-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் யானையின் வழியுரிமையை உறுதிசெய்து, நிலம் உடையோரின் குறைகளைக் கேட்க ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் ஒரு குழுவையும் அமைத்தது. பத்தாண்டு நடந்த வழக்கு இது. அங்கே தலைமுறைகளாக வாழும் பழங்குடி மக்களும், சிறு விவசாயிகளும், ஜீப் ஓட்டிப் பிழைப்போரும் இருக்கின்றனர். அவர்களுடைய கவலையும் நியாயமானதே. காட்டோடு ஒட்டி வாழ்கிறவனையும், காட்டைக் காட்டி வாணிகம் செய்கிறவனையும் ஒரே தராசில் நிறுத்தலாகாது.

தீர்ப்பு வெளிவந்து மூன்று மாதமே கடந்திருந்தது. 2021-ஆம் ஆண்டு ஜனவரியில், மசினகுடிக்கு அருகே தங்குமிடம் ஒன்றை நெருங்கிய ஆண் யானையின்மேல், அங்கிருந்தோர் எரியும் பொருளை வீசினர். தீ யானையின் காதில் ஒட்டிக்கொள்ள, அது இருளில் பிளிறியபடி ஓடிய காட்சியை நாடே பார்த்தது. ஏற்கெனவே முதுகில் புண்பட்டிருந்த அந்த யானை, சிகிச்சைக்காகக் கொண்டுசெல்லப்பட்டபோது உயிர்விட்டது. யானையைக் காண்பதற்கென்று பணம் வாங்கும் ஊரில், யானை தானே வந்தபோது அதற்குக் கிடைத்த வரவேற்பு அது!

இதற்கு நேர்மாறான ஒரு காட்சியைக் காண ஆப்பிரிக்காவுக்கோ நீலகிரிக்கோ போகவேண்டியதில்லை. எங்கள் வல்லம் வடகாலிலிருந்து தெற்கே சென்றால் மதுராந்தகத்துக்கு அருகில் வேடந்தாங்கல் இருக்கிறது. தாங்கல் என்பது சிறு ஏரி. வேடர்களின் தாங்கல் என்று பெயர் பெற்ற ஊர், பறவைகளின் தாங்கல் ஆனது எவ்வாறு? பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலச் சிப்பாய்கள் அங்கு வந்து பறவைகளைச் சுட்டனர். ஊரார் செங்கல்பட்டுக் கலெக்டர் லயனல் பிளேசிடம் முறையிட்டு, பறவைகளுக்குத் தீங்கு செய்யலாகாது என்ற ஆணையை 1798-ஆம் ஆண்டில் பெற்றனர். முறையிட்டவர்கள் விஞ்ஞானிகள் அல்லர், உழவர்கள். பறவையின் எச்சம் கலந்த ஏரி நீர் பயிருக்கு உரமாகும் என்பதை அவர்கள் அனுபவத்தில் அறிந்திருந்தனர். ஐரோப்பியச் சீமான்கள் ஆப்பிரிக்காவில் துப்பாக்கி தூக்கிச் செல்வதற்கு நூறாண்டுகளுக்கு முன்னரே, நம் செங்கல்பட்டுச் சீமையின் கிராமத்தார் துப்பாக்கியை நிறுத்தக் காகிதம் வாங்கிவிட்டனர்! இன்றும் கார்த்திகை, மார்கழியில் நாரைகளும் கொக்குகளும் நீர்க்காகங்களும் அங்கே கூடு கட்டுகின்றன. ஏரிக்கரையில் நடந்தும் கோபுரத்தில் ஏறியும் மக்கள் அவற்றைக் காண்கிறார்கள். அங்கே பறவைகள்தாம் குடிகள், நாம் விருந்தினர்.

மாணவ நண்பர்களே! நாளை நீங்களும் சம்பாதிப்பீர்கள், உலகம் சுற்றுவீர்கள். சுற்றத்தான் வேண்டும். ஆப்பிரிக்காவுக்குச் சென்றாலும் மசினகுடிக்குச் சென்றாலும், அறையின் அழகைப் பார்ப்பதற்கு முன் நான்கு கேள்விகள் கேளுங்கள். இந்த நிலம் முன்பு யாருடையது? இன்று இதன் வருவாயில் அவர்களுக்குப் பங்கு உண்டா? விலங்கின் வழியிலோ, அது நீர் குடிக்கும் துறையிலோ இந்தக் கட்டடம் நிற்கிறதா? வறண்ட காட்டில் இந்த நீச்சல் குளத்துக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? இக்கேள்விகளுக்கு நேரான விடை தரும் விடுதி எளியதாயினும் உயர்ந்தது. விடை தர மறுப்பது மாளிகையே ஆயினும் அது பழைய வேட்டை முகாமின் மறுபிறப்பு.

துப்பாக்கி ஒரு விலங்கைக் கொல்லும். தவறான இடத்தில் எழும் சுவர் ஒரு கூட்டத்தின் வழியையே கொல்லும். சட்டமும் நீதிமன்றமும் அச்சுவரை ஓரளவு தடுக்கலாம். ஆனால் அச்சுவருக்குச் செங்கல் வாங்கப் பணம் கொடுப்பவர் அங்கே சென்று தங்குகிறவரே. எந்தக் கூரையின்கீழ் உறங்குவது என்று நீங்கள் முடிவு செய்யும்போது, எந்தக் காடு பிழைக்கும் என்பதிலும் உங்களுக்கு ஒரு பங்கு சேர்ந்துவிடுகிறது. படிப்பறிவு அதிகம் இல்லாத உழவர்கள் 1798-ஆம் ஆண்டில் இதை அறிந்திருந்தார்கள். கல்லூரியில் பயிலும் உங்களுக்கு இது அரிதாகுமா?