ரிஸ்ட் ரெஸ்ட் வாங்கப் போறீங்களா? அது மணிக்கட்டை வைக்கிறதுக்கு இல்லை!

கீபோர்டுக்கு முன்னாடி நீளமாக ஒரு குட்டி மெத்தை. மவுஸ் பேடின் ஓரத்தில் புடைத்துக்கொண்டு ஒரு மேடு. ஆபீஸில் பக்கத்து சீட்டில் இருப்பவர் வைத்திருப்பதைப் பார்த்து, நாமும் ஆன்லைனில் ஒன்றை ஆர்டர் போட்டிருப்போம். பெயரே ‘ரிஸ்ட் ரெஸ்ட்’. அதனால் பார்சலைப் பிரித்ததும் எல்லோரும் செய்வது ஒரே வேலைதான். மணிக்கட்டை அதன் மேல் வசதியாக அழுத்தி வைத்துக்கொண்டு டைப் அடிக்க ஆரம்பிப்போம்.

செய்யக்கூடாத வேலையும் அதுதான்!

இதை எழுதுகிற எனக்கும் இது சொந்த அனுபவம். தேர்தல் நேரத்து ஷிஃப்ட்டுகளில் வலது கை ஆள்காட்டி விரல் மரத்துப்போக ஆரம்பித்தது. ஜெல் வைத்த ரிஸ்ட் ரெஸ்ட் ஒன்றை வாங்கினேன். இரண்டு வாரத்தில் நடுவிரலும் சேர்ந்துகொண்டது. பிசியோதெரபிஸ்ட்டிடம் போனபோது அவர் கேட்டது ஒரே கேள்வி: “டைப் அடிக்கும்போதும் கை அது மேலேயேதான் இருக்குமா?”

மணிக்கட்டுக்குள் அப்படி என்ன இருக்கிறது?

உள்ளங்கை முடிந்து முன்கை ஆரம்பிக்கும் இடத்தைத் தொட்டுப் பாருங்கள். அங்கே 8 சிறிய எலும்புகள் ஒரு பள்ளம் போல அமைந்திருக்கின்றன. அந்தப் பள்ளத்துக்கு மேலே, கெட்டியான நார்ப்பட்டை ஒன்று கூரை மாதிரி மூடியிருக்கிறது. இடையில் கிடைக்கும் குறுகிய வழிக்குப் பெயர் ‘கார்ப்பல் டன்னல்’. விரல்களை மடக்க உதவும் 9 தசைநாண்களும், ‘மீடியன்’ என்ற ஒரு முக்கியமான நரம்பும் இந்த வழியாகத்தான் கைக்குள் போகின்றன. காலை நேரத்து மின்சார ரயில் பெட்டி போலத்தான். கூட்டம் எப்போதுமே ஜாஸ்தி. இன்னும் கொஞ்சம் நெருக்கினால் முதலில் நசுங்குவது நரம்பு.

கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி. இவ்வளவுக்கும் உணர்ச்சி தருவது அந்த மீடியன் நரம்புதான். சுண்டுவிரலுக்கு வேறு நரம்பு. இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

மணிக்கட்டை மேல்பக்கமாகவோ கீழ்ப்பக்கமாகவோ வளைக்கும்போது இந்தக் குகைக்குள் அழுத்தம் கூடுகிறது. வெளியிலிருந்து எதையாவது வைத்து அழுத்தினாலும் கூடுகிறது. மணிக்கட்டை மெத்தையில் ஊன்றி, விரல்களை மட்டும் தூக்கி டைப் அடித்தால் இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கின்றன. மெத்தை எவ்வளவு சாஃப்ட்டாக இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது.

அப்போ அது எதுக்குத்தான்?

டைப் அடிக்காத நேரத்துக்கு! திரையில் படிக்கிறோம், யோசிக்கிறோம், போனில் பேசுகிறோம். அந்த இடைவெளிகளில் கையைச் சாய்த்து வைக்கத்தான் இந்த மெத்தை. அப்போதும் அதில் படவேண்டியது உள்ளங்கையின் அடிப்பாகம். சப்பாத்தி மாவை அழுத்திப் பிசைவோமே, சதைப்பிடிப்பான அந்த இடம். அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு அமைப்பான ‘ஓஷா’வும் கணினி வேலை செய்பவர்களுக்கான வழிகாட்டுதலில் இதையேதான் சொல்கிறது. டைப் அடிக்கும்போது கைகள் மெத்தைக்கு மேலே தாராளமாக நகர வேண்டும், ஓய்வெடுக்கும்போது உள்ளங்கையின் அடிப்பகுதி படவேண்டும், மணிக்கட்டு படக்கூடாது. இப்போது சில கம்பெனிகள் இதை ‘பாம் ரெஸ்ட்’ என்றே விற்கின்றன. சரியான பெயர் அதுதான்.

டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் போய் லோயர், ஹையர் முடித்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. கையைக் கீழே ஊன்றினால் சாதா டைப்ரைட்டரில் கட்டையை ஆழமாக அடிக்கவே முடியாது. கை அந்தரத்தில்தான் இருக்கும். அதோடு வரி முடியப்போகும்போது மணி அடிக்கும், முடிந்ததும் கையை எடுத்து லீவரைத் தள்ள வேண்டும். சில வினாடிக்கு ஒரு முறை கைக்குத் தானாகவே ஒரு பிரேக் கிடைத்தது. கம்ப்யூட்டர் வந்ததும் அந்த பிரேக் போய்விட்டது.

தமிழில் டைப் அடிப்பவர்கள் இதைப் படிங்க

1999-ல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகை பல செய்தி டெஸ்க்குகளில் பழக்கமானது. உயிரெழுத்துகள் இடது பக்கம், மெய்கள் பெரும்பாலும் வலது பக்கம். இரண்டு கைக்கும் மாறிமாறி வேலை தரும் நல்ல அமைப்பு. ஆனால் வலது ஓரத்தைக் கவனியுங்கள். ந, ய, ண, ச, ஞ, ழ என எல்லாம் அந்த ஓரத்தில் வரிசையாக நிற்கின்றன. முறைப்படி கற்றவர்களுக்கு இத்தனையும் வலது சுண்டுவிரலின் பொறுப்பு. போதாக்குறைக்கு என்டரும் பேக்ஸ்பேஸும் அதன் தலையில்தான். ‘செய்தி’ என்று அடித்துப் பாருங்கள். ‘ச’வுக்கும் ‘ய’வுக்கும் சுண்டுவிரல்தான் ஓட வேண்டும். எங்கள் வேலையில் அந்த வார்த்தையை ஒரு நாளைக்கு எத்தனை முறை அடிப்போம் என்று நான் எண்ணியதில்லை!

கை மிதந்துகொண்டிருந்தால் முழங்கையிலிருந்து மொத்தக் கையும் அந்த ஓரத்துக்கு நகர்ந்துவிடும். பிரச்சினை இல்லை. மணிக்கட்டை மெத்தையில் நங்கூரம் போட்டுவிட்டால்? கை நகராது, சுண்டுவிரல் மட்டும் எட்டி எட்டி இழுக்கும், மணிக்கட்டு பக்கவாட்டில் வெளிப்புறமாக வளையும். ஆயிரக்கணக்கான முறை. சாயங்காலம் சுண்டுவிரல் பக்கத்து மணிக்கட்டில் ஒரு குடைச்சல் வருகிறதென்றால் காரணம் இதுவாக இருக்கலாம்.

மெத்தைக்கு முன்னால் நாற்காலி

நிறைய பேருக்கு ரிஸ்ட் ரெஸ்ட்டே தேவைப்படாது. தேவை என்று தோன்றுவதற்குக் காரணம் மேஜை உயரம். வழக்கமான ஆபீஸ் மேஜைகள் சுமார் 75 செ.மீ. உயரம் இருக்கும். ஐந்தடி, ஐந்தேகாலடி ஆட்களுக்கு அது அதிகம். தோள் மேலே ஏறும், முழங்கை கீழே தொங்கும், மணிக்கட்டு மேல்நோக்கி மடங்கும். அந்த வலிக்கு மெத்தை வாங்கி என்ன பயன்?

நாற்காலியை உயர்த்துங்கள். தோள் தளர்வாக, முழங்கை உடம்போடு ஒட்டி, ஏறக்குறைய 90 டிகிரியில் மடங்கும்போது விரல்கள் கீபோர்டு மட்டத்துக்கு வரவேண்டும். இப்போது கால் தரையில் எட்டவில்லையா? காலுக்கடியில் ஒரு மணைப்பலகை போதும். எங்கள் டெஸ்க்கில் ஒரு அக்கா பிரிக்காத ஏ4 பேப்பர் கட்டுகள் இரண்டை வைத்திருக்கிறார்.

அடுத்தது கீபோர்டின் பின்பக்கக் குட்டிக் கால்கள். அதை எல்லோரும் விரித்து வைத்திருக்கிறோம், ஏனென்று யாருக்கும் தெரியாது. விரித்தால் மணிக்கட்டு இன்னும் மேல்நோக்கி வளையும். மடக்கிவிடுங்கள். காசு செலவில்லாத முதல் வைத்தியம் இதுதான்.

லேப்டாப்பில் கை வைக்கும் இடம் ஏற்கெனவே இருக்கிறது, தனி மெத்தை வைக்க வழியில்லை. அங்கே தொல்லை தருவது முன்பக்கத்துக் கூர்மையான விளிம்பு. அது நேராக மணிக்கட்டில் பதியும். தினமும் மணிக்கணக்கில் லேப்டாப்தான் என்றால் மெத்தைக்குக் கொடுக்கும் காசில் ஒரு சாதாரண தனி கீபோர்டு வாங்குவது மேல்.

வாங்குவதாக இருந்தால்...

முதலில் வாங்காமல் பாருங்கள். ஒரு கைத்துண்டை இறுக்கமாகச் சுருட்டி, இரண்டு பக்கமும் ரப்பர் பேண்ட் போட்டு, கீபோர்டு முன்னால் ஒரு வாரம் வையுங்கள். இடைவெளியில் கை அதில் சாய்வது சுகமாக இருக்கிறதா, இல்லை இடைஞ்சலா என்று தெரிந்துவிடும்.

சுகம் என்றால் ஸ்கேலை எடுத்து கீபோர்டின் முன் விளிம்பு உயரத்தை அளக்கவும். மெத்தை அதே உயரம் இருக்க வேண்டும். உயரமான மெக்கானிக்கல் கீபோர்டு வைத்திருப்பவர்களுக்குத்தான் இது உண்மையிலேயே கைகொடுக்கும். தட்டையான ஸ்லிம் கீபோர்டுக்கு முன்னால் பெரிய மெத்தை வைத்தால் கை மேட்டில், விசைகள் பள்ளத்தில்! அகலம் குறைந்தது ஒன்றரை அங்குலம் வேண்டும் என்பது ஓஷாவின் அளவு. அதைவிடக் குறுகலாக இருந்தால் அழுத்தம் ஒரே கோட்டில் விழும். அமுக்கினால் ‘புஸ்’ என்று உள்ளே போய்விடுகிற ரகமும் வேண்டாம், கை புதைந்து அங்கேயே தங்கிவிடும். ஓரங்கள் வளைவாக, அமைப்பு கொஞ்சம் கெட்டியாக இருக்கட்டும்.

ஜெல்லா, மெமரி ஃபோமா, மரமா என்பது அவரவர் விருப்பம். சென்னை மாதிரி வியர்க்கும் ஊரில் துணி உறை போட்டது சீக்கிரம் நாற்றம் பிடிக்கும், ரெக்சின் போட்டது நாளாக நாளாக உரியும். கழற்றித் துவைக்கிற உறை இருந்தால் அதை எடுக்கலாம்.

மவுஸுக்கான மேட்டைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. மணிக்கட்டு அதில் உட்கார்ந்ததும், மவுஸை நகர்த்த மணிக்கட்டு மட்டும் இடமும் வலமும் ஆடும். முன்கை மேஜையில் லேசாகப் பட, முழங்கையிலிருந்து மவுஸை நகர்த்துவதுதான் நல்லது. அதற்குச் சாதாரண தட்டையான பேட் போதும்.

கம்ப்யூட்டர்தான் காரணமா?

இதில் ஒரு ஆச்சரியம் இருக்கிறது. கார்ப்பல் டன்னல் பிரச்சினை என்றாலே கீபோர்டைத்தான் திட்டுகிறோம். ஆனால் 2001-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வில், கணினியை அதிகம் பயன்படுத்துபவர்களிடம் இந்தப் பிரச்சினை பொதுமக்களிடம் இருக்கும் அளவுக்குத்தான் இருந்தது. 2003-ல் வந்த டென்மார்க் ஆய்வு ஒன்றும் கீபோர்டைப் பெரிய குற்றவாளியாகக் காட்டவில்லை. வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் மவுஸ் பிடிப்பவர்களிடம்தான் ஒரு தொடர்பு தெரிந்தது. சர்க்கரை நோய், தைராய்டு குறைபாடு, கர்ப்பகாலம், முடக்குவாதம், உடல் பருமன் ஆகியவை எல்லாம் இதற்கு வாய்ப்பைக் கூட்டுகின்றன. ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம் வருகிறது.

அதனால்தான் கை மரத்துப்போனால் மெத்தை வாங்கிச் சமாளிப்பது ஆபத்து. கை மரத்ததற்குக் காரணம், இதுவரை பரிசோதிக்காத சர்க்கரையாகக்கூட இருக்கலாம்.

நடுராத்திரியில் கை மரத்து எழுந்து, உதறினால் சரியாகிறதா? வண்டி ஓட்டும்போது, போனைக் காதில் வைத்திருக்கும்போது விரல்கள் குறுகுறுக்கிறதா? டம்ளர் கைநழுவுகிறதா, சட்டைப் பட்டன் போட முடியவில்லையா? தள்ளிப்போடாமல் எலும்பு மூட்டு அல்லது நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் இந்தத் துறைகள் உண்டு. தேவைப்பட்டால் ‘நெர்வ் கண்டக்‌ஷன்’ பரிசோதனை செய்வார்கள். ஆரம்ப நிலையில் ராத்திரி மணிக்கட்டை நேராக வைக்கும் ஸ்பிளின்ட் போட்டாலே பலருக்குக் குறைந்துவிடும். சிலருக்கு ஊசி, முற்றினால் அந்த நார்ப்பட்டையைப் பிரித்துவிடும் அறுவை சிகிச்சை. ரொம்ப நாள் விட்டுவிட்டு, கட்டைவிரல் அடியில் இருக்கும் சதை வற்றிய பிறகு போனால், அறுவை சிகிச்சை செய்தாலும் பழைய பலம் முழுதாகத் திரும்பாமல் போகலாம்.

டாக்டரிடம் போகும் முன் ஒரு வேலை செய்யுங்கள். ஒரு தாளில் உங்கள் கையை வைத்து வரைந்து, மரத்துப்போகும் விரல்களை மட்டும் பேனாவால் நிழலடித்து, எந்த நேரத்தில் என்று பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். கட்டைவிரலிலிருந்து நடுவிரல் வரை என்றால் மணிக்கட்டுக் குகையைப் பார்ப்பார்கள். சுண்டுவிரல் மட்டும் என்றால் அது வேறு நரம்பு, சிக்கல் பெரும்பாலும் முழங்கையில் இருக்கும்.